உனக்கு யாரு தொணை?

போன திங்கட்கிழமை கூரியரில் ஒரு ரிப்போர்ட் வந்தது. வழவழ அட்டை. நன்றிப் பக்கத்தில் என் பெயர்! 'வினாத்தாள் தமிழாக்கம்' என்று போட்டு, பெயருக்கு முன்னால் 'எழுத்தாளர்' என்ற பட்டம் வேறு.

பெயரை அச்சில் பார்த்தால் பல்லிளிக்கும் வியாதி எனக்கு உண்டு. இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் பார்த்தும் தீரவில்லை. எதிர் ஃப்ளாட் மாமியிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன சப்ஜெக்ட்?" என்றார். "பொம்பளைங்க மேல நடக்கற பாலியல் வன்முறை மாமி. ஆராய்ச்சி" என்றேன். மாமி ரிப்போர்ட்டை மூடிக் கொடுத்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் நானே உள்ளே புரட்டினேன். மரக்காணம் பகுதிக்கு ஒரு பக்கம். அதில் ஒரு வரி — 'உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களிடையே பாலியல் வன்முறை எதுவும் பதிவாகவில்லை.' கீழே இன்னொரு வரி — 'ஆகவே முதல் கட்டத்தில் இங்கு உதவி மையம் தேவைப்படவில்லை.'

பதிவாகவில்லையாம்! எப்படிப் பதிவாகும்? பேனாவைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

விஷயம் இதுதான். என் சிநேகிதி ஜெயசீலி, ஒரு கல்லூரியில் சமூகப் பணித் துறைப் பேராசிரியை. நேர்மையானவள், படபடவென்று பேசுகிறவள். மாசி மாதம் போன் செய்தாள். "கடலோரத்துல பொண்ணுங்களுக்கு எங்கெல்லாம் ஆபத்துன்னு சர்வே எடுத்துக் குடுத்தா, அந்தந்த இடத்துல ஒரு அமைப்பு உதவி மையம் ஆரம்பிக்கப் போவுதுடி. ஒரு லேடி ஆபீசர், ஒரு வண்டி, ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கூட வர்றதுக்கு ஆள்... எல்லாம் உண்டு. கேள்விங்க இங்கிலீஷ்ல இருக்கு. நீதான் தமிழ்ல போட்டுக் குடுக்கணும்" என்றாள்.

மூன்று நாள் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் பணியிடத்தில் நீங்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டதுண்டா?' எப்படி இருக்கிறது? 'உண்டா' என்று முடித்ததில் எனக்கு அப்படி ஒரு திருப்தி. வாசித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

சர்வேக்கு ஆள் குறைகிறது என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டாள். ஜெயசீலி, அவளுடைய மாணவிகள் மூன்று பேர், நான்.

உப்பளத்தில் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். வெயில் அப்படி. நாங்கள் போனபோது காலை ஒன்பதரை. ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் குவிக்க, பெண்கள் கூடையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பரந்த வெட்டவெளி... ஒரு மறைப்பு கிடையாது. கடைக்கோடி அம்பாரத்துக்கு அப்பால் மட்டும் கொஞ்சம் வேலிக்காத்தான் புதர். பெண்கள் ஒதுங்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

இவர்களை எப்படி ஒரே இடத்தில் பிடிப்பது? மேஸ்திரியைக் கேட்டோம். ஐம்பது வயசு, வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாத மனுஷன். சாக்கு மூட்டை அடுக்கியிருந்த ஷெட்டைக் கூட்டி, பெஞ்சு போட்டுக் கொடுத்தார். எல்லாருக்கும் குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். "வேலை கெடாம அஞ்சு அஞ்சு பேரா அனுப்புறேன் மேடம். யாரு யாருன்னு நானே பேரு எழுதித் தர்றேன்" என்று பட்டியல்கூடப் போட்டுக் கொடுத்தார். கையெழுத்து மணி மணியாக இருந்தது.

சர்வேயில் ஒரு விதி உண்டு. பெண்கள் பேசும்போது பக்கத்தில் ஆண்கள் இருக்கக் கூடாது. "கொஞ்சம் தள்ளி இருங்கண்ணே" என்றாள் ஜெயசீலி. "ஐயோ, எனக்குத் தெரியாதா மேடம்? நீங்க நிம்மதியா கேளுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மேஸ்திரியா!" என்றேன் நான். ஆமாம், வாய் விட்டுத்தான் சொன்னேன்.

என் எதிரில் முதலில் வந்து உட்கார்ந்தவள் அஞ்சலை. முப்பத்தைந்து வயசிருக்கும். உப்புத் தண்ணியில் நின்று நின்று கால் விரலெல்லாம் வெடித்திருந்தது. 'தாள்ல பேரு எழுத மாட்டோம், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு' என்று சொல்லிவிட்டு, என் அழகான கேள்வியை நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

"வன்முறைன்னா... பஸ்ஸு கொளுத்துறது, கல்லு வுடுறதுதானே மேடம்?" என்றாள். "எங்க பக்கம் ரெண்டு மூணு வருசமா அதெல்லாம் இல்லீங்க. அமைதியாத்தான் இருக்குது."

சிரித்துவிட்டேன். பக்கத்து பெஞ்சில் இருந்த மாணவியும் சிரித்தாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? பேப்பரிலும் டி.வி.யிலும் அந்த வார்த்தையை நாம் அதற்குத்தானே வைத்திருக்கிறோம்? நான் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். அவள் நிமிஷத்துக்கொரு தரம் திரும்பித் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலை கெடக்குது மேடம், சீக்கிரம் வுட்டுடுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். "ரெண்டே நிமிஷம்மா" என்றேன். நாற்பதுக்கு மேல் கேள்வி இருந்தது. அத்தனையும் கேட்டுவிட்டுத்தான் விட்டேன்.

ரிப்போர்ட்டைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்த 'பஸ்ஸு கொளுத்துறது'தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். பஸ் ஏறிவிட்டேன். இந்தத் தடவை படிவம் இல்லை. மேஸ்திரி இல்லை.

அஞ்சலையின் ஊரில் அன்றைக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள். ஆளுக்குப் பதில் கேன்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. பெண்கள் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். "ஏ... கேள்வி மேடம்!" என்று அஞ்சலையே என்னைக் கண்டுபிடித்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். ஊர்க்கதை பேசினோம். பிறகு மெதுவாக, "உப்பளத்துல நீங்க தனியாப் போகாத இடம்னு எதுனா இருக்குதா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்!

ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினார்கள். கடைக்கோடி அம்பாரம். வேலிக்காத்தான் பக்கம். மோட்டார் கொட்டாய். சம்பளத்துக்கு ஷெட்டுக்குள்ளே போவது... "தொணை இல்லாம எவ போவா?" என்றாள் ஒருத்தி. காலையில் வேலையில் இறங்கும்போதே பேசிக்கொள்வார்களாம் — இன்னிக்கு உனக்கு யாரு தொணை? புதுசாக வந்தவள் என்றால் இரண்டு பேர். ஒருத்தி ஒதுங்கப் போனால் இன்னொருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய் நிற்க வேண்டும். எந்தத் திட்டமும் சொல்லிக் கொடுக்காமல் இவர்களே செய்துகொண்ட ஏற்பாடு. எத்தனை வருஷமாக என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

நடப்பதற்கு அவர்களிடம் பெயரில்லை... நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கு இருக்கிறது. நாற்பது கேள்வி போட்ட எங்களுக்கு இது ஏன் தோன்றவில்லை?

அஞ்சலை சட்டென்று எழுந்து, "மேடம், இப்டி வாங்க" என்று கடைக்குப் பின்பக்கம் கூட்டிப் போனாள்.

"அன்னிக்கு நீங்க வந்தீங்க இல்ல... அன்னிக்கு ராணிக்கு நான்தான் தொணை" என்றாள்.

ராணி கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். வேலைக்குப் புதுசு. தை மாதத்திலிருந்தே மேஸ்திரியின் பார்வை சரியில்லை என்று அஞ்சலை அவளை விட்டு நகர்ந்ததில்லையாம்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்புங்கன்னு மேஸ்திரிகிட்ட கேட்டேன் மேடம். லிஸ்ட்டு போட்டாச்சு, மெட்ராஸ்லேர்ந்து வந்தவங்க காத்துகினு இருக்காங்க, நீ போன்னாரு. அவளைக் கடைசி அம்பாரத்துக்கு அனுப்பிட்டாரு. நான் உங்க எதிர்ல ஒக்காந்துகினு இருந்தேன். அவரு அந்தக் கடைசி அம்பாரத்தாண்ட போறது எனக்குத் தெரிஞ்சுது. நீங்க ரெண்டு நிமிசம்னீங்க..."

மீதியை நான் கேட்காமலே புரிந்துகொண்டேன். அந்த மேஸ்திரிதான் சர்வேக்காக நாங்கள் நாகரிகமாகத் தள்ளி அனுப்பிய மனுஷன். அவர் போட்ட பட்டியலை வாங்கிக்கொண்டு 'தேங்க்ஸ்' சொன்னவள் நான். ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் என் பெயருக்கு மூன்று பெயர் தள்ளி அவர் பெயரும் இருக்கிறது.

ராணி இப்போது கூனிமேட்டில் அம்மா வீட்டில் இருக்கிறாள். புருஷனுக்கு விஷயம் தெரியாது. உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். "நான் போய்ப் பார்க்கட்டுமா?" என்றேன். "வேணாம் மேடம். மெட்ராஸ்லேர்ந்து ஆள் வந்துட்டுப் போனா ஊரு கேக்கும்" என்றாள். போலீஸ் என்று வாயெடுத்தேன். "யாரு தொணைக்கு வருவா?" என்றாள். அந்த உதவி மையம் இங்கே இருந்திருந்தால் கூட வர ஒருத்தி இருந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. சொன்னேன். எல்லாவற்றையும், அந்த இரண்டு வரி உட்பட.

அஞ்சலை, "நான் இல்லேன்னு சொன்னது பேப்பர்ல இருக்குமில்ல? அதை மாத்திடுங்க மேடம். ஆமான்னு போடுங்க. எம் பேர்லயே போடுங்க. ராணி பேரு வேணாம்" என்றாள்.

வேலை போகும். தெரிந்துதான் சொன்னாள்.

அங்கிருந்தே ஜெயசீலிக்குச் செல்போனில் பேசினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு உடைந்த குரலில், "மாத்த முடியாதுடி. பேரு எழுதக் கூடாதுன்னு ரூல். எது அவளோட தாள்னே தெரியாது" என்றாள். அந்தப் பக்கத்தையே வாபஸ் வாங்கச் சொல்லி அமைப்புக்கு இன்றைக்கே எழுதுகிறேன் என்றாள். எழுதியும் விட்டாள். நேற்று பதில் வந்தது — இடங்கள் முடிவாகிவிட்டன, அடுத்த கட்டத்தில் பரிசீலிப்பார்களாம்.

இதை இங்கே எழுதலாமா என்று அஞ்சலை மூலம் ராணியைக் கேட்டேன். பேரும் ஊரும் தெரியாமல் எழுதட்டும் என்றாளாம். எல்லாப் பெயர்களையும் ஊர் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

மறுபடி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். தாளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை அஞ்சலையிடம் சொன்னேன். "பேரு எழுதலன்னா எங்களுக்குப் பாதுகாப்புன்னு சொன்னீங்க. இப்ப யாருக்குப் பாதுகாப்பா போச்சு பாருங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

உப்பளத்தில் இப்போது பெண்கள் தங்களுக்குள் அஞ்சலையைத்தான் பேசுகிறார்களாம். தொணை போனவள் விட்டுட்டாளே, கலர் குடிச்சிகினு ஒக்காந்துட்டாளே என்று. மேஸ்திரியை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொணையாக இப்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. சொல்லும்போது முதல்முறையாக அழுதாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அஞ்சலை, தப்பு உங்களுது இல்ல. அந்த ஆளோட தப்பு. எங்க தப்பும் இருக்குது. உங்களுது இல்லவே இல்ல" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரேஷன் கடைக்குப் பின்னாடி நின்னுகினு எங்கிட்ட சொல்றீங்க. நாளைக்குக் காலைல வேலை நேரத்துக்கு ஷெட்டாண்ட வாங்க. அவரும் இருப்பாரு, எல்லாப் பொம்பளைங்களும் இருப்பாங்க. அங்க வந்து இதையே சொல்லுங்க. நான் தொணைக்கு வர்றேன்."

நாலு மணி பஸ்ஸில் ஏறி மெட்ராஸ் வந்துவிட்டேன்.