ஒப்பந்தம் இல்லாத அந்த ஒரு நாள்

என் கணவர் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் அரசாங்க மணல் சுரங்கத்தில் பம்பு ஓட்டுகிறவர். வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடியும். ஒரு நாள் விட்டுப் புதிய ஒப்பந்தம் தொடங்கும். நடுவில் அந்த ஒரு நாள் அவர் யாருக்கும் வேலைக்காரர் இல்லை.

குழியில் ஊறும் தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? பம்பை நிறுத்தினால் கீழே நிற்கும் இயந்திரங்கள் முழுகிவிடும். அதனால் இவரும் கூட்டாளிகள் நான்கு பேரும் வருகை அட்டை தட்டாமலே போய்விடுவார்கள். ஆபீஸ் பூட்டியிருக்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் வரமாட்டார், கேட்க ஆள் இருக்காது. பம்புக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சாயங்காலம் வரை ஓட்டிவிட்டு வருவார்கள்.

"சம்பளம் இல்லாத நாளுக்கு இவ்ளோ பக்தியா லா?" என்று வாயாடுவேன். பூசைக்குச் சுண்டல் அவித்துக் கொடுப்பதும் நான்தான்.

பதினோரு வருடம் இப்படிப் போனபிறகு, தொழிற்சங்கம் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. இத்தனை வருடமும் ஒரே வேலை, இவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்றது சங்கம். நடுவில் ஒரு நாள் வேலையே இல்லையே, ஒவ்வொரு வருடமும் இவர்கள் புது ஆட்கள்தான் என்றது அரசாங்கம். எனக்குச் சட்டம் தெரியாது. வருடக் கடைசி வந்தால், "இந்த தடவ கூப்பிடுவாங்களா?" என்று சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பாரே, அதை இனிமேல் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த ஒரு நாள் பூசைப் படங்களை வருடம் தவறாமல் எனக்கு அனுப்பியிருந்தார். மாலை போட்ட பம்பு, பக்கத்தில் இவர், பின்னால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீர். அதைப் பார்த்த சங்கச் செயலாளர் துள்ளிக் குதிக்காத குறை.

"அக்கா, இது போதும்! மண்டோர் வரச் சொன்னாருன்னு அண்ணன் ஒரு வார்த்த சொல்லிட்டா கேசு நம்ம பக்கம்."

தொழில் நீதிமன்றத்தில் படங்களைக் காட்டினார்கள். அரசாங்க வக்கீல் ஒன்றுதான் கேட்டார். அன்றைக்கு உங்களை வேலைக்குக் கூப்பிட்டது யார்?

இவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரும் கூப்பிடல. நாங்களாத்தான் போனோம்."

செயலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளியே வந்ததும் ஆள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் கத்தினேன்.

"ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?"

"மண்டோர் அன்னைக்கு வரவே இல்லம்மா. வரச் சொன்னாருன்னு சொன்னா, ரூல்ஸ மீறிட்டாருன்னு அவர நிறுத்திடுவாங்க. அவரும் கான்ட்ராக்ட்தான். மூணு புள்ள படிக்குது."

ஆனாலும் கோபம் போகவில்லை. கோலா சிலாங்கூர் வீட்டுக்கு வந்து சேரும்வரை பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தீர்ப்பு வந்த அன்று செயலாளர் எனக்குத்தான் போன் செய்தார். தோற்றுவிட்டோம். இதைப் போனில் சொல்ல மனம் வராமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்கே போனேன். நடுப்பகல். என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மத்த நாலு பேருக்குமா?"

"எல்லாருக்கும்தாங்க."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. பம்பு சத்தத்தில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது.

"நான் பொய் சொல்லியிருக்கணுமோ?"

கிரீஸ் பிசுபிசுத்த அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன்.

"வேணாங்க," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.