காந்தம் ஒட்டாத கதவு

கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சொன்னதாக சலூன்காரர் சொன்னார். சலூன்காரர் சொன்னதாக மச்சினன் வந்து சொன்னான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற தெருவில், வெளியே மாடிப்படி வைத்துக் கட்டிய வீட்டில், தார்ப்பாய் போர்த்தி ஒரு பழைய கார் நிற்கிறதாம். வட்ட விளக்கு, இரண்டே கதவு, பாசிப்பச்சை நிறம். வாங்கின நாளிலிருந்து ஒரே கை. ஒரு கீறல் கிடையாதாம். மழை வந்தால் சொந்தக்காரர் வண்டியை உள்ளே விட்டுவிட்டுக் குடை பிடித்து நடந்து போவாராம். இப்போது அவர் பக்கவாதம் வந்து படுக்கையில். மகள் விற்கப் போகிறாளாம். என்ன விலை பெறும் என்று அவளுக்குத் தெரியாதாம்.

“கடைசியா சொன்னேன் பாருங்க மாமா, அதுதான் சேதி,” என்றான் மச்சினன். “மத்ததெல்லாம் சும்மா அலங்காரம்.”

அவன் மாமா என்று கூப்பிடுகிறவரை மற்றவர்கள் சர்வேயர் என்பார்கள். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில், அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற வேலை. தலைமுடி நரைக்கிற வரைக்கும் அந்த வேலையைத்தான் பார்த்தார். ஒரு வண்டியின் கதவு இடுக்கில் விரலை ஓடவிட்டாலே அது எந்தப் பக்கம் அடி வாங்கியது என்று சொல்லிவிடுவார். கம்பெனி கிளையை மூடியபோது அவர் வயதுக்கு வேறு எங்கும் கதவு திறக்கவில்லை. மனைவியின் தம்பிதான் தன் பழைய கார் ஷெட்டுக்கு மேலே இரண்டு அறையை ஒழித்துக் கொடுத்தான். “வாடகையெல்லாம் எதுக்கு மாமா, நம்ம வீடுதானே,” என்று அவன் சொன்ன அந்த ‘நம்ம’, படி ஏறும்போதெல்லாம் அவர் காலில் தடுக்கும்.

பழைய கார் வாங்குவதில் மச்சினனுக்கு ஒரு முறை உண்டு. முதல் ஆள் போய் விலையைக் கெடுக்க வேண்டும். இரண்டாம் ஆள் போய் வாங்க வேண்டும். முதல் ஆள் குறைகளை அடுக்கி, அடிமாட்டு விலை சொல்லிவிட்டு வந்துவிடுவார். விற்கிறவர் ராத்திரி முழுக்க அந்த விலையோடு புரண்டு படுப்பார். மறுநாள் இரண்டாம் ஆள் அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கும்பிடு போட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். முதலில் இதற்கு முரட்டு ஆட்களைத்தான் வைத்திருந்தான். சர்வேயர் வந்த பிறகு அவர்தான்.

“உங்க மூஞ்சியப் பாத்தா பொண்ணே குடுப்பாங்க மாமா. வண்டி குடுக்க மாட்டாங்களா?”

மனைவிக்கு இந்த விவரம் தெரியாது. “அவர் வண்டிங்களுக்கு மதிப்புப் போடுறார்,” என்று உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் திருத்தவில்லை.

அந்த வீட்டில் கதவைத் திறந்தவள் நாற்பது வயதுப் பெண். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். வேலைக்குக் கிளம்பின கோலத்திலேயே இருந்தாள். முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். அதில் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்த பெரியவரின் பார்வை கம்பிகளுக்கு வெளியே, தார்ப்பாய் மேல் இருந்தது.

“அப்பா, வண்டி பாக்க வந்திருக்கார்.” பெரியவருக்குக் கேட்டாற்போல் சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினாள். “காது நல்லா கேக்கும் சார். பேச்சுதான் போயிடுச்சு. ஒரு கை வேலை செய்யும். நான் லேப்ல இருந்து போன் பண்ணுவேன், அதை எடுத்து விரலால தட்டுவார். ரெண்டு தட்டுன்னா ஆமா, ஒரு தட்டுன்னா இல்ல. நாங்க இப்படித்தான் குடும்பம் நடத்துறோம்.”

கட்டிலின் தலைமாட்டில், கை எட்டுகிற தூரத்தில், பழைய வீட்டு டெலிபோன் இருந்தது. பெரியவர் சர்வேயரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“பாக்கலாம்ங்கிறார்,” என்று சிரித்தாள். சாவி எடுக்க உள்ளே போனாள்.

சர்வேயர் தார்ப்பாயை இழுத்தார். சலூன் வதந்தி குறைத்துத்தான் சொல்லியிருந்தது. கதவு இடுக்குகள் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. ரப்பர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்ளேயும் அதே பச்சை. மேலே மறுபெயின்ட் அடித்த வண்டியில் அங்கேதான் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். டிக்கித் தரைவிரிப்பின் அடியில் துரு இல்லை. பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்தார். பெயின்ட் கீறாமலிருக்க அதை மெல்லிய துணியில் சுற்றி வைத்திருப்பார். தகரம் இருக்கிற இடத்தில் ஒட்டும். அடிபட்ட பள்ளத்தைப் பட்டி பூசி மறைத்த இடத்தில் விழும். வைத்த இடத்திலெல்லாம் ஒட்டியது. ஒன்பது பெறும், கண்ணை மூடிக்கொண்டு. தொழிலில் பூஜ்யங்களை யாரும் சொல்வதில்லை.

சாவியோடு அவள் திரும்பி வரும் காலடி கேட்டது. சர்வேயர் காந்தத்தின் மேல் துணியை மடித்தார். மறுபடி மடித்தார். அத்தனை மடிப்புக் கனத்தைத் தாண்டித் தகரத்தை இழுக்க அந்தக் காந்தத்துக்குச் சக்தி கிடையாது.

“இங்க பாருங்கம்மா,” என்று டிரைவர் பக்கக் கதவின் கீழே வைத்தார். காந்தம் உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. “அடிபட்டிருக்கு. பட்டி பூசி ஒப்பேத்தியிருக்காங்க.”

“அடிபட்டிருக்கா? இந்த வண்டியா?”

“நல்ல வேலைக்காரன் கை. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். “அப்பா, எப்ப இடிச்சீங்க? எங்ககிட்ட சொல்லவே இல்லையே?”

கம்பியில் ஒரு தட்டு.

“கதவுல பட்டி இருக்குதாம்ப்பா.”

ஒரு தட்டு. இந்த முறை பலமாக, மோதிரம் கம்பியில் பட்டு ஒலித்தது.

“சும்மா இருங்கப்பா. காந்தம் பொய் சொல்லுமா?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பெரியவரின் கை கம்பியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அந்தக் கண்கள் வண்டியை விட்டு சர்வேயர் மேல் வந்து நின்றன. எத்தனையோ வண்டிக்காரர்கள் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்லாத ஒருவரைப் பொய்யராக்கி நிறுத்தியது இதுதான் முதல் தடவை. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே, “நாலு குடுக்கலாம்,” என்றார்.

“நாலுன்னா... நாலு என்ன சார்?”

பூஜ்யங்களோடு சொல்ல வேண்டியதாயிற்று.

“யோசிச்சு சொல்றேன். நீங்க மறைக்காம காட்டினீங்களே, அதுக்கே நன்றி சொல்லணும்.” போன் நம்பரை வாங்கிக்கொண்டு, தன் வீட்டு நம்பரையும் கொடுத்தாள். காபி தரட்டுமா என்றாள். அவர் வேண்டாம் என்று ஏறக்குறைய ஓடிவந்தார்.

மறுநாள் மத்தியானம் ஷெட்டில், பழைய டயர் மேல் பலகை போட்டு மச்சினன், சர்வேயர், மனைவி மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் வாயில் சோறு நிற்கவில்லை, அவ்வளவு சிரிப்பு.

“அக்கா, இந்தக் கதையக் கேளு. நான் போய் ஆறுன்னு ஆரம்பிக்கிறேன். அந்தம்மா என்ன சொல்லுது தெரியுமா? ‘வேண்டாம் சார். இது அடிபட்ட வண்டி. உங்ககிட்ட மறைச்சா எனக்குத் தூக்கம் வராது. நேத்து ஒரு நல்ல மனுஷன் வந்து காட்டிட்டுப் போனார். அஞ்சு குடுங்க போதும்’ங்குது! விக்கிறவளே விலைய இறக்குறா. நான் கூட்டிக் கேக்கணுமா, அழணுமான்னு தெரியாம முழிக்கிறேன்.”

“ஐயோ பாவம்,” என்று மனைவி சிரித்தாள். “யாரு அந்த நல்ல மனுஷன்?”

“வேற யாரு? நம்ம வீட்டு ஆள்தான். நாளைக்குக் காலைல வண்டிய எடுக்கிறேன். வித்தா ஒம்போது ஒம்பதரைக்குக் கண்ண மூடிட்டுப் போகும்.”

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. “என்னங்க, நெசமாவே அடிபட்டிருந்துச்சா?”

சர்வேயர் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

“சாப்பிட விடுக்கா மனுஷன,” என்றான் தம்பி. “தொழில்ல ஆயிரம் இருக்கும்.”

அவள் தம்பிக்கு மறுசோறு போட்டாள். வழக்கமாக அவர் போதும் போதும் என்று கையை மறிக்க மறிக்கப் போடுகிறவள், அவர் தட்டைத் தாண்டிப் பாத்திரத்தை மூடினாள். உறவுக்காரர்களிடம் சொல்லி வந்த பெருமை மொத்தமும் அந்த மூடியின் அடியில் போயிற்று. திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

கை கழுவிவிட்டு மாடிக்கு வந்ததும் போன் அடித்தது. லேபிலிருந்து அந்தப் பெண்.

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க சார். வண்டி வேற ஒருத்தருக்கு முடிவாயிடுச்சு. உங்ககிட்ட சொல்லாம குடுத்தா நல்லா இருக்காதேன்னுதான்...”

“பரவால்லம்மா.”

“இன்னொண்ணு.” குரல் இறங்கியது. “அப்பா நேத்துல இருந்து சாப்பிடல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். நான் போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறார். பக்கத்து வீட்டுக்காரம்மாதான் எட்டிப் பாத்துட்டு, முழிச்சுத்தான் இருக்கார்னு சொல்றாங்க. நான் வேற, ‘ஏம்ப்பா மறைச்சீங்க’ன்னு கேட்டுத் தொலைச்சிட்டேன். காசு குறைஞ்சா குறையட்டும் சார். சர்வீஸுக்கு விட்ட எடத்துல யாராவது இடிச்சு, சொல்லாம பூசிக் குடுத்திருப்பாங்களா? அப்படி இருக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, அப்பா மேல தப்பில்லன்னு நான் போய் சொல்லிடுவேன்.”

தப்பிக்க ஒரு வழியை அவளே திறந்து வைத்துவிட்டாள். “ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும்,” என்றால் போதும். பெரியவருக்கு மானம், மகளுக்கு நிம்மதி, மச்சினனுக்கு வண்டி, தனக்கு மாடி வீடு. இதுவரை முகம் தெரியாத ஒரு மெக்கானிக்குக்கு மட்டும் கெட்ட பெயர். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததுதான் சர்வேயரை உலுக்கியது. எவ்வளவு சுலபமாக வருகிறது!

“கொஞ்ச நேரத்துல சொல்றேன்மா,” என்று வைத்தார்.

சட்டைப் பையில் காந்தம் இருந்தது. எடுத்தார். துணி இன்னும் அந்த மடிப்பிலேயே இருந்தது. பிரித்து உதறினார், மடித்த கோடுகள் மட்டும் போகவில்லை. கீழே மச்சினன் நாளைக்கு வண்டி நிறுத்த இடம் ஒழித்துக்கொண்டிருந்தான். இரும்பு உருளும் சத்தம் கேட்டது. சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக.

மகளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம். அவள் திட்டுவாள், அழுவாள், வண்டியைத் தரமாட்டேன் என்பாள். மாலைக்குள் இந்த மாடியும் போகலாம். அது நடக்கட்டும். ஆனால் பொய்யைக் கேட்டு முதலில் கை துவண்டது அந்தப் பெரியவருக்குத்தானே, அவளுக்கு இல்லையே.

அவர்கள் வீட்டு நம்பரைப் போட்டார்.

மணி போயிற்று. அந்த முன்னறை கண்முன் வந்தது: ஜன்னல், கட்டில், கை எட்டுகிற தூரத்தில் டெலிபோன். எடுத்தால் ஹலோ கேட்காது. மூச்சு மட்டும் கேட்கும். பேச வேண்டியது முழுக்க இவர்தான். முதல் வரியைத் தயார் செய்தார், கம்பெனி நாட்களில் ரிப்போர்ட் எழுதியது போல: ஐயா, கதவு அசல். பட்டி இல்லை. இடிக்கவில்லை. அதற்கு அடுத்த வரிதான் வரவில்லை. நான் என்று தொடங்க வேண்டிய வரி.

“மாமா!” கீழேயிருந்து மச்சினன். “நம்ம பெரிய தார்ப்பாய் எங்க வெச்சீங்க?”

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“யாருக்குங்க போன்?”

அவர் ஒரு கையால், கொஞ்சம் இரு, என்று காட்டினார். மறுகையில் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.