வரி போட்ட கோடித்துணி

இன்று கடை பில்லில் வரியைப் பார்த்ததும் எழுபதுகளில் ஏலப்பாறை பஸ்ஸில் நடந்தது நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் செல்லம்மா அக்கா. இலங்கையிலிருந்து வந்து எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அவருடைய அம்மாவும் தங்கையும் இலங்கையிலேயே தங்கிவிட்டார்கள்.

தங்கையின் கடிதத்தை நீட்டி, "வாசிச்சுச் சொல்லு தம்பி" என்றார்.

வாசித்தேன்.

"அம்மா போயிட்டாங்க அக்கா. இங்க கடையில எது வாங்கினாலும் புதுசா வரி போட்டுட்டாங்க. கோடித்துணி வாங்க முடியல. நீ விட்டுட்டுப் போன சேலையைத்தான் போர்த்தி எடுத்தோம்."

அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு கேட்டார்.

"ரெண்டு சேலை விட்டுட்டு வந்தேன். அம்மா எடுத்துத் தந்த நீலச் சேலையா தம்பி?"

கடிதத்தில் நிறம் எழுதியிருக்கவில்லை.

"ஆமாக்கா, நீலந்தான்" என்றேன்.

அப்போதுதான் அவர் அழுதார்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?