கவாத்து முடித்துவிட்டு வந்த கழுத்து

"அப்ப பந்தல்ல கவாத்து வெட்டுனது யாரு? ஜின்னு வந்தா வெட்டுச்சு?"

நூர்ஜகான் அக்கா தன் புருஷனைப் பார்த்து இப்படிக் கேட்ட நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. இருங்கள்... கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் டெக்னீஷியன் என்பது இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிறவர்களுக்குத் தெரியும். பெட் ஸ்கேன் — தலையிலிருந்து தொடை வரை உடம்பையே ஒரு சுற்று பார்த்துவிடுகிற மெஷின். வித்தை சிம்பிள். லேசான கதிர்வீச்சு உள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றுவோம். புற்றுநோய்க் கட்டிக்குச் சர்க்கரை என்றால் உயிர். அள்ளி அள்ளித் தின்னும். தின்ற இடம் படத்தில் ஒளிரும்.

அக்காவின் புருஷன் காதர் அண்ணன் உத்தமபாளையம் பக்கம் திராட்சை விவசாயி. கழுத்தில் நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய். கீமோ முடிந்துவிட்டது. இந்தப் படம் சுத்தமாக வந்தால் வைத்தியம் அத்தோடு சரி. வராவிட்டால்? மறுபடி கீமோ. அதுவும் முன்னைவிடக் கடுமையாக.

படம் வந்தது. கழுத்தும் இரண்டு தோளும் ஜெகஜோதியாக எரிந்தன.

கட்டி திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் டாக்டர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உருண்டையா இல்லையே... பட்டை பட்டையா ஓடுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. தசையா இருக்கலாம். ஆனா இந்த வெளிச்சத்துக்குள்ள ஒரு சின்னக் கட்டி ஒளிஞ்சிருந்தா என்னால சொல்ல முடியாது."

தசையா? காலையிலேயே கேட்டேனே — உடற்பயிற்சி ஏதாவது செய்தீர்களா என்று! அதற்கு அவர், "நான் என்ன பாப்பா, பயில்வானா?" என்று சிரித்தாரே!

வெளியே ஓடினேன்.

"அண்ணே, நேத்து என்ன வேலை பாத்தீக?"

"ஒண்ணுமில்ல பாப்பா. சும்மாதான் இருந்தேன்."

அப்போதுதான் அக்கா அந்த ஜின்னை இழுத்தது.

"விடிஞ்சதுல இருந்து பொழுதடையிற வரைக்கும் கையை இறக்கல பாப்பா. சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரல."

"ஆள் கெடைக்கல. இங்கன வந்தா என்ன சொல்லுவாகளோ... படுக்கச் சொல்லிட்டாகன்னா? வெட்டி முடிச்சிட்டு வந்தா நிம்மதில்ல?"

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றிருக்கிறீர்களா? அண்ணாந்து பார்த்தபடி, தலைக்கு மேலே கையைத் தூக்கியே கொடியை வெட்டவேண்டும். அதுதான் கவாத்து. நாள் முழுக்க அப்படி உழைத்த தசையும் மறுநாள் சர்க்கரையைக் கட்டி மாதிரியே தின்னும்!

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கே இப்படித்தான். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ — காட்டு வேலையை முடிக்காமல் யாரும் பஸ் ஏறமாட்டார்கள். என் அப்பாவும் அப்படியே. கம்பத்துக்காரி எனக்கே இது தோன்றவில்லை என்றால், மெஷினைக் குறை சொல்லி என்ன பயன்? ஜிம்முக்குப் போகிறவர்களிடம் கேட்கிற கேள்வியைக் கொடிக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம் என்றார் டாக்டர்.

"அதுவரைக்கும் பாரமான வேலையே கூடாதுண்ணே. கையைத் தூக்கவே தூக்காதீக."

"அத என்கிட்ட விடு பாப்பா. கத்தரியையே ஒளிச்சு வச்சிர்றேன்" என்றார் அக்கா. குரல் கிண்டலாகத்தான் இருந்தது. ஆனால் கை, புருஷனின் சட்டை நுனியைப் பிடித்தபடியே இருந்தது.

அந்த வாரம் அண்ணன் போன் செய்தார். "பாப்பா, தல சீவலாமா? இவ சீப்பையும் புடுங்கிட்டா."

சிரித்தேன். போனை வைத்தபிறகு சிரிப்பு தங்கவில்லை... பயம்தான் தங்கியது. வெறும் தசைதான் என்று யார் சொன்னது? படம் இன்னும் சொல்லவில்லையே!

இரண்டாவது படம். தோள் — இருட்டு. கழுத்து — இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற வேலை உலகத்தில் வேறு உண்டா?

டாக்டர் இருவரையும் கூப்பிட்டு, வைத்தியம் முடிந்தது என்று சொன்னார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "இப்பவாச்சும் கையைத் தூக்கலாமா பாப்பா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தி அல்லாவிடம் துஆ கேட்க ஆரம்பித்துவிட்டார். அக்கா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இன்னும் கூர்மையான மெஷின்கள் வரும். வரட்டும். அதுவரை? டாக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இனிமேல் ஸ்கேனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்வேன். உடற்பயிற்சி என்ற பேச்சே கிடையாது. 'கவாத்தா? மூட்டை தூக்கணுமா? ஏலக்காய் எடுக்க மலைக்குப் போறீகளா? அப்ப வேலையை இன்னைக்கே முடிங்க, இல்லன்னா ஸ்கேன் எடுத்துட்டு வந்து பாருங்க' — இவ்வளவுதான்.

முதல் போன் நாளைக் காலை. கடமலைக்குண்டில் தேங்காய் உரிக்கிறவர் ஒருவருக்கு.

அவரிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன். முதலில் அவர் வீட்டம்மாவிடம்தான்!