யோகன் அண்ணை சொன்ன வாய்வு

1. மத்தியானம் வந்த கோல்

ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியில் தமிழ் இன்ரப்பிரிற்றராக வேலை செய்கிறேன். டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும், நோயாளி சொல்வதை டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என்னைப் போன்ற வாய்க்காரிக்கு இதைவிடத் தோதான வேலை இல்லை என்று என் மனிசன் பகிடி பண்ணுவார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எமேர்ஜென்சியில் இருந்து போன் கோல் வந்தது. தமிழ்க் குடும்பம், நோயாளியின் மனைவிக்கு ஆங்கிலம் பெரிதாக வராது, உடனே வா என்றார்கள். சனிக்கிழமைகளில் வழக்கமாக யோகன் அண்ணைதான் நிற்பார். அன்று அவருடைய மகனுக்குப் பொன்னுருக்கல். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆசாரி வந்து தாலிக்குப் பொன் உருக்கும் நாள். மனுசன் லீவு எடுத்துவிட்டார், அவருக்குப் பதிலாக நான் வந்து மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை வேலை என்றால் எனக்கு முகம் நீளும். அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே லிஃப்ற்றில் இறங்கினேன்.

குடும்பத்தார் இருக்கும் அறைக் கதவைத் திறந்தால் யோகன் அண்ணையின் மனைவி சாந்தி அக்கா இருக்கிறார். பட்டுச் சேலை, தலையில் பூ. பக்கத்தில் மகன் பிரவீன், வேட்டிக்கு மேல் விண்டர் ஜக்கெட்டோடு. சடங்குக்கு வந்த யாருக்கோ சுகமில்லாமல் போய்விட்டது, யோகன் அண்ணை லீவிலும் விடாமல் உள்ளே இன்ரப்பிரிற் பண்ணிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் செய்யக்கூடியவர்.

"அண்ணை உள்ளுக்கோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். "உள்ளுக்குத்தான் படுத்திருக்கிறார்."

 

2. இவர் எப்படிப்பட்டவர் என்றால்

யோகன் அண்ணை இந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது நிலம் துடைக்க. அகதியாக வந்த புதிதில் கிடைத்த வேலை அது. தமிழ் நோயாளி வந்தால் துடைக்கிறவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அதையே வேலையாகக் கொடுத்துவிட்டார்கள்.

வேலை முடிந்தால் நேரே பிக்கரிங்கில் வீடு. எங்கள் ஆட்கள் பார்ட்டி, சங்கம், கூட்டம் என்று திரிந்த காலத்தில் இவர் மகளை ரெயில் ஸ்ரேசனில் ஏற்றவும் இறக்கவும், மகனைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டுபோகவும் என்று காருக்குள்ளேயே சீவித்தார். சாப்பாட்டு நேரத்தில் சாந்தி அக்காவுக்குப் போன் எடுத்து, கட்டித் தந்த கறியில் உப்புக் கூடவா குறையவா என்று சொல்லாமல் மூடியைத் திறந்து மூடமாட்டார். நாங்கள் நக்கலடிப்போம். சிரித்துக்கொண்டு, "கலியாணம் கட்டினனான் தானே, பிறகு வேற ஆரிட்டச் சொல்லுறது?" என்பார்.

அவரால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாரும் எண்ணியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருமுறை வயதான ஐயா ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு "வாய்வு பிடிச்சிட்டுது" என்று சொல்ல, கூட வந்த பேரன் அதை அப்படியே "காஸ்" என்று மொழிபெயர்த்துவிட்டான். வயிற்றுக் காஸ்தானே என்று நேர்ஸ் அவரைக் கதிரையில் இருத்திவிட்டார். அந்த வழியால் போன யோகன் அண்ணை ஐயாவின் வியர்வையைக் கண்டுவிட்டு நேர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஈசிஜி எடுத்தால் ஹார்ட் அற்றாக். ஐயா தப்பினார்.

அன்றிலிருந்து எமேர்ஜென்சியில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் யோகன் அண்ணை இதைச் சொல்லிக் கொடுத்தார். தமிழர் வாய்வு என்றால் சிரிக்காதே, காஸ் என்று எழுதாதே, முதலில் ஈசிஜி எடு. பிலிப்பினோ நேர்ஸுக்கும் பஞ்சாபி டொக்டருக்கும் அந்த ஒரு தமிழ்ச் சொல் தெரியும். அவர்கள் வாயில் அது "வாய்வூ" என்று நீளும்.

3. அந்த அறையில்

தெரிந்தவர்களுக்கு நாங்கள் இன்ரப்பிரிற் பண்ணக்கூடாது என்பது விதி. டொக்டரிடம் சொன்னேன். போனில் வேறு ஆளைப் பிடிக்கலாம் என்றார். சாந்தி அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் தோலில் பதிந்தது. "வேற ஆள் வேண்டாம் வதனி. நீர் நில்லும்." நின்றேன்.

இன்னொரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் "டொக்டர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்வதில்லை. டொக்டர் "நான்" என்றால் நாங்களும் "நான்". நோயாளி "நான்" என்றால் நாங்களும் "நான்". கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

நெஞ்சு நோ எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். தமிழில் கேட்டேன்.

"விடியவே சொன்னவர், வாய்வு எண்டு" என்றார் சாந்தி அக்கா.

நான் ஆங்கிலத்துக்கு வாயைத் திறக்கும் முன்னமே டொக்டர் நிமிர்ந்தார். "வாய்வூ?" என்று அவரே கேட்டார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்த மனுசன் கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார்.

டொக்டர் திரும்ப உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வந்து, எங்கள் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். டொக்டர் கதிரையை இழுத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "என்னால ஏலுமானதெல்லாம் செய்தனான். உங்கட மனுசனைக் காப்பாற்ற முடியேல்லை. அவர் இறந்திட்டார்."

என் வாயால், என் "நான்" ஆகச் சொன்னேன். சாந்தி அக்கா டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அழவும் இல்லை. விடியவே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று கேட்டார். அதை ஆங்கிலத்தில் கேட்டேன். அப்படிப்பட்ட கேள்விக்கு டொக்டர்மார் மழுப்புவார்கள், இவரும் மழுப்ப வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன். அவர் மழுப்பவில்லை. வந்திருந்தால் தப்ப நல்ல சந்தர்ப்பம் இருந்தது என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நான் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் குடுத்தனான்" என்றார் சாந்தி அக்கா. அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்று. சொல்லும்போது உண்மையிலேயே நான்தான் கொடுத்தது போல இருந்தது.

பிறகு அவர் என்னிடமே கேட்டார். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவர். தனக்கு வந்தது அவருக்குத் தெரியேல்லையோ?"

பிரவீன் அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "அப்பாக்குத் தெரியும் அம்மா" என்றான். "மோர்னிங் பாத்ரூமில அஸ்பிரின் சப்பிக்கொண்டு நிண்டவர். ஐ சோ ஹிம். தலையிடி எண்டு சொன்னவர். ஆசாரி வந்திட்டார், வா, நேரம் போகுது எண்டார்."

ஹார்ட் அற்றாக் என்று சந்தேகம் வந்தால் அம்புலன்சுக்கு 911 அடித்துவிட்டு அஸ்பிரின் சப்பச் சொல்வார்கள். யோகன் அண்ணையே அதை நூறு பேருக்குத் தமிழில் சொல்லியிருப்பார். இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு, முதலாவதைச் செய்யாமல், போய் மகனுக்குப் பக்கத்தில் நின்று பொன் உருகுவதைப் பார்த்திருக்கிறார். உருகி முடிந்து, எல்லோருக்கும் பலகாரம் கொடுத்த பிறகுதான் விழுந்தார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். மகன் சொன்னதை நான் மொழிபெயர்க்க வேண்டும். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பிரவீனே ஆங்கிலத்தில் சொன்னான். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார்.

4. இப்போது நான் சொல்லிக் கொடுப்பது

கல்யாணம் நின்றது. ஆண்டுத்திவசம் முடிந்து, கோயிலில் எளிமையாகச் செய்தார்கள். நான் போனேன், சாப்பிட முடியவில்லை.

எங்கள் சனங்கள் தெரியாமல்தான் வாய்வு என்கிறார்கள் என்று யோகன் அண்ணையும் நானும் எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருப்போம். அது முழு உண்மை இல்லை. வீட்டில் அன்றைக்கு யாருக்கோ ஒரு நல்ல காரியம் இருக்கும். அது தன்னால் கெடக்கூடாது. அதற்காக, தெரிந்துகொண்டே சொல்லுகிற சொல் அது. குடும்பத்தில் உயிரை வைத்திருப்பவர்கள்தான் அதை முதலில் சொல்வார்கள். யோகன் அண்ணைமேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது.

போன மாதம் சாப்பிட்டு எழும்பிய என் மனிசன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாய்வுபோலக் கிடக்கு" என்றார். மறுநாள் எங்கள் மகளுக்குப் பட்டமளிப்பு. காரை எடுக்கிறேன் என்றேன். உமக்கு விசர், நாளைக்குப் பிள்ளையின்ர விழா, அது முடியப் பார்ப்பம் என்றார்.

"யோகன் அண்ணையும் இதைத்தான் சொன்னவர்" என்றேன்.

அவர் காலுக்குச் சப்பாத்தைத் தேடினார்.

ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், விடியும்வரை வைத்திருந்தார்கள். கடைசியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி வந்து வெறும் காஸ்தான் என்றாள். என் மனிசனுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் கட்டிலில் கிடந்தபடி என் முகத்தைத்தான் பார்த்தார்.

"வாய்வுதானாம்" என்று தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.