பிரபா தாண்டிய பதினாறு பக்கம்

விருத்தாசலம் பாலக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரபாவுக்கு நாற்பத்திரண்டு வயது. போலீஸ்காரரே வந்து நகல் கேட்டாலும் வரிசையில் நிற்கச் சொல்கிற பெண்மணி. அப்படிப்பட்டவர் போன தை மாதம் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தார். காரணம் ஒரு நாவல். சிரிக்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

எங்கள் வாசகர் வட்டத்தில் பன்னிரண்டு பேர். குருமூர்த்தி சாரின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் கூடுவோம். ஒவ்வொரு தையிலும் அதே நாவல், அதே சண்டை: இது நிஜமாகவே காவியமா, சும்மா ஏற்றிவிட்ட பெயரா? கதையில் பெரியம்மாள் என்பவள் ஒரு பக்கத்தில் உலை வைக்கிறாள். அடுத்த பக்கத்தில் வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். புருசனை ஏன் விட்டுப் போனாள் என்று ஒரு வரிகூடக் கிடையாது. எழுதத் தெரியாதவன் பண்ணின வேலை என்பார் இளமதி டீச்சர். அந்த மௌனம்தானம்மா காவியம் என்பார் குருமூர்த்தி. அவர் மனைவி அன்பரசியும் பதினோரு வருடத்துக்கு முன்னால் அவரை விட்டுப் போனவர்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லுவார். பெரியம்மாளைப் படித்த பிறகுதான் தனக்குத் தூக்கமே வந்தது என்றும் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் ஆரம்பித்தபோது நாவல் அச்சில் இல்லை. பெண்ணாடத்தில் ஒருவரிடம் இருந்த பிரதியை ஒரு மத்தியானத்துக்கு மட்டும் இரவல் வாங்கிவந்தோம். எட்டு வருடத்துக்கு முன்னால் பிரபாதான் அதைப் பன்னிரண்டு நகல் போட்டு பைண்டிங் செய்து கொடுத்தார்.

போன தையில் மறுபதிப்பு வந்தது. ஆசையாக வாங்கிப் படித்த பிரபாவுக்கு நடுவில் பதினாறு பக்கம் புதிதாகத் தெரிந்தது. முதலில் பதிப்பகத்தைத்தான் திட்டினார். பிறகு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நகல் எடுக்கும்போது பாதியில் கரண்ட் போனது. திரும்பி வந்ததும், கடைசி பஸ்ஸுக்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற அவசரத்தில், வேறெங்கோ பிரித்து வைத்துத் தொடர்ந்துவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கி எடுத்ததில் பக்க எண்களும் விளிம்போடு போய்விட்டன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எட்டு வருடமாக நாங்கள் தொண்டை கிழியப் பேசியது அவர் கடையில் கரண்ட் போனதைப் பற்றி. கேலி பண்ணுவார்களே என்பது சின்னப் பயம்தான். அந்தப் பக்கங்களைப் படித்தால் குருமூர்த்தி என்ன ஆவார் என்பதுதான் பெரிய பயம். தனி ஆள், ஏதாவது பண்ணிக்கொண்டால்? பேசாமல் இருந்துவிடலாமா என்றும் பார்த்தார். இளமதி டீச்சர் மறுபதிப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டதாக வாட்ஸப்பில் எழுதியபோது அந்த வழியும் அடைபட்டது.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் கூடியதும் எழுந்து நின்று, தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டீச்சர் பக்கென்று சிரித்தார். குருமூர்த்தியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பொய் சொல்வானேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"அந்தப் பக்கத்துல என்னம்மா இருக்குது?" என்று கேட்டார் குருமூர்த்தி.

வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள் என்று பிரபா மன்றாடினார். அவர் கேட்கவில்லை. சொல்லச் சொன்னார்.

"பெரியம்மாளு சும்மா போகல சார். இங்க என்னால இருக்க முடியலன்னு புருசன்கிட்ட மூணு தடவ சொல்றாங்க. அவரு காதுலயே வாங்கல. அதுக்கப்புறந்தான் போறாங்க."

சொல்லிவிட்டுப் பிரபா அழுதேவிட்டார். குருமூர்த்தி தன் நகலை மூடி வைத்தார்.

"எங்கூட்டுலயும் சொல்லிட்டுத்தாம்மா போனா" என்றார்.