நாக்கை வழிக்காமல் வாருங்கோ

“வேர்க்க விடு, வேர்க்க விடு. இப்ப வேர்க்காட்டி மாரியில…” என்று கோடை தொடங்கியதும் என் மாமா சொல்லத் தொடங்குவார். மாரியில் என்ன நடக்கும் என்று சொன்னது மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை. பதினொரு வயது வரை தமிழில் படித்து, மிச்சத்தைச் சுவிஸில், வின்டர்தூரில், டொச் என்கிற ஜேர்மன் மொழியில் படித்தவன் நான். இப்படி அரைவாசியில் நிற்கும் வசனங்கள் என்னிடம் நிறைய உண்டு. அதனாலோ என்னவோ, மற்றவர்களின் வசனங்களை முடித்து வைப்பதே என் தொழிலாகிவிட்டது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஒரு விசேஷம்: வைத்தியர் சொன்னதற்கும் ஏச்சு எனக்குத்தான், நோயாளி சொன்னதற்கும் ஏச்சு எனக்குத்தான். உங்களில் பலர் அம்மாவுக்கோ மாமிக்கோ துணையாகப் போய் டொக்டருக்கு முன்னால் இருந்து இதை அனுபவித்திருப்பீர்கள். எனக்குச் சம்பளம் தருகிறார்கள், உங்களுக்கு அதுவும் இல்லை.

ஒன்பது வருடம் ஊரில் இருந்துவிட்டுப் போன வருடம் சுவிஸுக்குத் திரும்பி வந்தேன். முதலில் அகப்பட்டது ஒரு மரக்கறிக் குளிர்க் களஞ்சியம். கோடையும் மாரியும் அங்கே நாலு டிகிரி. என் முழங்கால் மாரியிலேயே உறைந்து நின்றுவிட்டது. பிறகு சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸவுக்குப் பக்கத்தில், ஒரு சீன வைத்திய நிலையத்தில் மொழிபெயர்ப்பாளனாக இடம் கிடைத்தது. நடத்துபவர் பிரௌ கெல்லர் என்ற சுவிஸ் அம்மா. வைத்தியர் டொக்டர் லியூ, அறுபது வயதுச் சீனப் பெண்மணி, சிக்கனமான டொச். புதன்கிழமைகளில் எங்கள் சனத்துக்குத் தமிழில் வைத்தியம் பார்க்கலாம் என்பது என் யோசனை. பிரௌ கெல்லர் காத்திருக்கும் அறையைக் காட்டினார். ஒன்பது நாற்காலிகள். “பள்ளிக்கூட விடுமுறை முடிவதற்குள் இவை ஒரு புதன்கிழமையாவது நிரம்ப வேண்டும். நிரம்பினால் உங்கள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.” பத்துப் புதன்கள் இருந்தன. களஞ்சியத்து மேலாளர் நல்ல மனிசன், அவரும் சொல்லியிருந்தார்: “உன் தடித்த ஜாக்கெட் கொக்கியிலேயே தொங்கும். விடுமுறை முடியும்போது சொல்லு, வாறியா இல்லையா என்று.”

அடுப்படியும் சுடுதண்ணியும்

முதல் புதனில் முதலில் வந்தவர் அரியம் அண்ணை. உணவகக் குசினியில் இருபத்தைந்து வருடமாகச் சமைப்பவர். வயிறு ஊதல், சாப்பிட்டால் செமிக்காது. வரும்போதே கையில் பெரிய கோலாப் போத்தல், உள்ளே ஐஸ் கட்டிகள் கலகலத்தன. டொக்டர் லியூ நாடியைப் பிடிக்க முதலே போத்தலைப் பிடித்துவிட்டார்.

கோடையில் சூடெல்லாம் தோலுக்கு வந்துவிடும், உள்ளே வயிறு குளிர்ந்துதான் கிடக்கும் என்றார். அந்த நேரத்தில் ஐஸைக் கொட்டுவது, அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சோறு ஏன் வேகவில்லை என்று கேட்பது மாதிரியாம். இனிமேல் இளஞ்சூட்டுத் தண்ணீர்தான், அதுவும் மிடறு மிடறாக. நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். அரியம் அண்ணை என்னை ஒரு தரம் பார்த்தார், டொக்டரை ஒரு தரம் பார்த்தார்.

“தம்பி, வெளியில முப்பத்தைஞ்சு, அடுப்புக்குப் பக்கத்தில அம்பது. இதுக்குள்ள சுடுதண்ணி குடிக்கச் சொல்லுறா. இவ டொக்டரோ, இல்லாட்டி என்ர முதலாளி அனுப்பின ஆளோ?”

எல்லாருக்கும் ஒரே நாக்கு

சீன வைத்தியத்தில் நாக்கு ஒரு கடிதம். அதன் மேல் இருக்கும் படிவு வெள்ளையா மஞ்சளா, தடிப்பா மெல்லிசா என்று பார்த்து, உள்ளே நடப்பதை வாசிப்பார்கள். டொக்டர் லியூவின் சுவரில் முப்பது நாக்குகள் படமாகத் தொங்குகின்றன. எங்கள் ஆட்களும் கூச்சப்படாமல் நீட்டினார்கள். ஆனால் டொக்டரின் முகம் ஒவ்வொரு நாக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கொண்டு வந்தது.

ஒருவரிடமும் படிவு என்று ஒன்று இல்லை. குசினிக்காரர், கிளீனிங்காரர், கந்தோரில் இருப்பவர், எல்லாருடைய நாக்கும் சிவந்து வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளே ஈரம் வற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். ஆகவே எல்லாருக்கும் ஒரே சீட்டு: பச்சைப்பயறு அவித்த தண்ணீர், வத்தகப்பழம், மிளகாயைக் குறை, நேரத்துக்குப் படு. மூன்றாவது புதன் முடிந்ததும் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “உங்கள் மக்களுக்கு என்ன நடந்தது?” என்று துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்டார். எனக்கும் பயமாக இருந்தது. அகதி வாழ்க்கை, இரண்டு வேலை, விசாக் கவலை, எல்லாம் சேர்ந்து ஒரு இனத்தையே உலர்த்திவிட்டது போலும் என்று ரயிலில் வின்டர்தூர் போகும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனம் அப்படி யோசிக்கவில்லை. காத்திருக்கும் அறையில் ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்தார்கள். கதை பரவியது. நாலாவது புதனில் ஒன்பது நாற்காலியில் மூன்று பேர். களஞ்சியத்து மேலாளர் ஜாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு பெண் டெர்மினை, டொக்டரைப் பார்க்க எடுத்த நேரத்தை, ரத்துச் செய்யப் போன் எடுத்தார்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. பயறு அவிக்கிறதுக்கும் டெர்மின் எடுக்க வேணுமோ?”

கைப்பைக்குள் தகடு

அந்த மூன்று பேரில் ஒருவர் சிவமலர் அக்கா, பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருந்து வருபவர். வைத்தியசாலையில் கிளீனிங் வேலை, ஆகவே துப்புரவில் அவருக்கு ஒரு தொழில் கௌரவமே உண்டு. பேர்னில் ரயில் ஏறி, சூரிச்சில் ட்ராம் பிடித்து, வேர்த்து விறுவிறுக்க வந்தவர், பெயரைக் கூப்பிட்டதும் “ஒரு நிமிசம் தம்பி” என்று கழிவறைக்குள் போய்விட்டார். ஒரு நிமிசம் பத்து நிமிசமாயிற்று. திரும்பி வந்தபோது வளைந்த ஒரு சின்னத் தகட்டைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“அது என்னக்கா?” என்றேன். “நாக்கு வழிக்கிறதுதான். காலமை வழிச்சனான், பிறகு ரயில்ல தேத்தண்ணி குடிச்சிட்டன். டொக்டர் நாக்குப் பாக்கிறவவெல்லோ? வீட்டுக்கு ஆக்கள் வந்தா கூட்டித்தானே விடுறம்.” படிவு போன இடம் தெரிந்துவிட்டது. அன்று காலையில் நானும்தான் வழித்திருந்தேன். நடக்கத் தொடங்கிய காலத்தில் இருந்து வழிக்கிறேன். இரண்டு மொழி படித்து என்ன, சுவரில் முப்பது நாக்குப் படத்துக்குக் கீழே இருந்து என்ன, அந்தத் தகட்டை நான் யோசிக்கவேயில்லை. டொக்டரும் கேட்கவில்லை. காலையில் முகம் கழுவுவதை யார் யாரிடம் கேட்பார்கள்?

உள்ளே போய் டொக்டரிடம் விளங்கப்படுத்தினேன். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிவமலர் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவரும் சிரித்தார். அன்றே பக்கத்துத் தமிழ்க்கடைக்குப் போய் ஒரு தகடு வாங்கி வந்து, முப்பது நாக்குகளுக்கும் நடுவில் ஆணி அடித்து மாட்டினார் டொக்டர்.

“நாலு புதனாக நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கவில்லை. இந்தத் தகட்டுக்குப் பார்த்திருக்கிறேன்.”

ஊத்தை நாக்குக்கு ஒரு கடிதம்

என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான மொழிபெயர்ப்பு அடுத்த கிழமை வந்தது. வந்தவர், வராமல் விட்டவர் எல்லாருக்கும் போன் எடுத்து, “புதன்கிழமை காலமை நாக்கை வழிக்காமல் வாருங்கோ” என்று சொல்ல வேண்டும். டொச்சில் இது சாதாரண வசனம். தமிழில் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். ஒருவர் என் தகப்பன் பெயரைக் கேட்டார். செல்லத்துரை மாஸ்டர், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவர், சொன்னார்: “மனுசி என்னைக் கதவைத் தாண்ட விடமாட்டா. டொக்டரிட்ட ஒரு கடிதம் எடுத்துத் தா.” கடிதம் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினோம். இந்த நாட்டில் முத்திரை இருந்தால் எதையும் செய்யலாம்.

அந்தப் புதன் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்ததை அன்றுதான் கண்டேன். உள்ளே டொக்டர் லியூ ஒவ்வொரு நாக்காகப் பார்த்து, பரிசுப் பொதி பிரிக்கிற பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். அரியம் அண்ணைக்குத் தடித்த வெள்ளைப் படிவு: ஐஸ் அடியோடு நிற்பாட்டு, காலையில் இஞ்சித் தேத்தண்ணி. சிவமலர் அக்காவுக்கு மஞ்சள்: பாகற்காய், பயறு, வெயிலில் அலையாதே. ஒருவருடைய மஞ்சள் மட்டும் காலையில் சாப்பிட்ட பருப்பென்று பிறகு தெரிந்தது. வெளியே சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அறை மறுபடி சந்தையாகிவிட்டது. இஞ்சி சூடெல்லோ, கோடையில் எப்படி என்று சிவமலர் அக்கா கேட்க, வயிறு குளிர்ந்து கிடக்கு, அதுக்குச் சூடு வேணும் என்று டொக்டரின் அடுப்புக் கதையை அரியம் அண்ணையே தன்னுடைய கதையாக விளங்கப்படுத்தினார்.

“எனக்கு இஞ்சி, உமக்குப் பாகற்காய். இப்பதான் இவ டொக்டர்.”

மாமாவின் மிச்ச வசனம்

யூலை நடுவில் வெக்கை உச்சத்துக்கு ஏறியது. உங்கள் வீடுகளிலும் தெரிந்திருக்கும்: மாரிக்குக் கட்டின வீடு, சுவரெல்லாம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், ஃபான் கடைகளில் முடிந்துவிடும். டொக்டருக்கு அதுதான் அறுவடைக் காலம். கோடை உச்சத்தில் மூன்று தடவை, கடுகும் இஞ்சிச்சாறும் சேர்த்த ஒரு பசையை முதுகில் ஒட்டுவார். மாரியில் வருகிற இருமலுக்கு வைத்தியம் கோடையில்தான் என்பது அவர்களுடைய கணக்கு. இரண்டு மணித்தியாலம் ஒட்டியபடி இருக்க வேண்டும். ஃபானுக்கு முன்னால் இருக்கக் கூடாது. வேர்த்தால் வேர்க்க விட வேண்டும்.

அதைத் தமிழில் சொல்லும்போது என் வாயில் மாமாவின் குரல் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டிருந்த செல்லத்துரை மாஸ்டரிடம், மாரியில் இருமும் என்பதைத்தான் மாமா சொல்லியிருப்பார், சீனத்துக்கும் எங்களுக்கும் ஒரே அறிவு பாருங்கோ மாஸ்டர் என்று உணர்ச்சிவசப்பட்டுக் கதைத்தேன். அவர் தலையைத் திருப்பாமலே பதில் சொன்னார்.

“கரண்ட் இல்லாத காலமடாப்பா. ஃபான் கேக்கிற பெடியனுக்கு வேர்க்க விடு எண்டு சொல்லாமல் வேற என்னத்தைச் சொல்லுறது மனுசன்?”

ஒன்பது நாற்காலிகள்

டொக்டர் லியூவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் இதயத்தின் நேரம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு அரை மணித்தியாலம் படுப்பார். கோடையில் அதைத் தவறவிட்டால் மற்ற மருந்தெல்லாம் வீண் என்பார். நான் அந்த நேரத்தில்தான் போனில் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நாற்காலி நிரம்ப வேண்டுமே. ஒன்பதாவது புதனிலும் எட்டுப் பேர்தான்.

பத்தாவது புதன் கடைசி ஒட்டு. முதுகில் பசையோடு வெயிலில் போக முடியாது, முற்றத்துப் பக்கம் இருந்த காத்திருக்கும் அறை குளிர்மையானது, ஆகவே எல்லாரும் பன்னிரண்டு மணிக்கே வந்து ஒட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். டொக்டர் வெளியே வந்து வெயில் படாமல் யன்னல் ஸ்டோரனை இறக்கினார். “எல்லாரும் கண்ணை மூடுங்கள்” என்றார். என் கையில் இருந்த போனை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். “நீங்களும்.” என்னை வாசலோரக் கதிரையில் இருத்தினார்.

கண் திறந்தபோது பிரௌ கெல்லர் எனக்கு முன்னால் நின்றார், சப்பாத்தைக் கையில் பிடித்தபடி. தொழில் போயிற்று என்று எழும்பப் பார்த்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். அரியம் அண்ணையின் குறட்டை சீராகப் போய்க்கொண்டிருந்தது. சிவமலர் அக்கா கைப்பையை அணைத்தபடி தூங்கினார். செல்லத்துரை மாஸ்டரின் கழுத்தில் காற்றுப் படாமல் யாரோ ஒரு துவாயைச் சுற்றியிருந்தார்கள். ஒரு நாற்காலியும் மிச்சமில்லாமல் எல்லாவற்றிலும் ஆள். எனக்குத் தந்தது உள்ளறையில் இருந்து எடுத்து வந்த பத்தாவது கதிரை. பிரௌ கெல்லர் என் காதுக்குக் குனிந்தார்.

“இரண்டு தரம் எண்ணினேன், ஒன்பது. நிரம்ப வேண்டும் என்றுதான் சொன்னேன், முழித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.”

ஆக, இந்தக் கோடையில் நான் படித்த சீன வைத்தியம் இவ்வளவுதான்: ஐஸைத் தொடாதே, பயறும் பாகற்காயும் தின், வேர்த்தால் வேர்க்க விடு, மத்தியானம் படு, டொக்டரிடம் போகிற நாளில் மட்டும் அளவுக்கு மிஞ்சித் துப்புரவாகப் போகாதே.

வெள்ளிக்கிழமை காலையில் களஞ்சியத்துக்குப் போன் எடுத்து, ஜாக்கெட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன்.